எழுத்தெல்லாம் தெரிந்த குழந்தை சொல்லைப் படிக்கத் திணறுவது ஏன்?

முற்றம்:

வணக்கம். என் மகளுக்கு ஆறு வயது நிறைய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கிறாள். அட்டையில் தனி எழுத்தைக் காட்டினாலும் பத்துக்கு எட்டுச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஆனால், ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால், “ம... ர... இம்” என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். “சேர்த்துச் சொல்லம்மா” என்றால் “மரயிம்” என்கிறாள். நேற்று அதே சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்து “செடி” என்றாள்.

நான் ஆசிரியை அல்லள். எழுத்தெல்லாம் தெரிந்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். இன்னும் எழுத்துப் பயிற்சியைக் கூட்ட வேண்டுமா, பொறுத்திருந்தால் தானே வருமா, அல்லது நான் சொல்லிக்கொடுத்த முறையிலேயே கோளாறு இருக்கிறதா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுவடி:

அம்மா, உங்கள் மகள் ‘மரயிம்’ என்றதில் அவள் பிழை ஏதும் இல்லை. நீங்கள் கையில் கொடுத்த மூன்று துண்டுகளையும் அப்படியே ஒட்டிக் காட்டியிருக்கிறாள். துண்டுகளில் ஒன்று தப்பானது, அவ்வளவுதான். ‘ம்’ என்ற எழுத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘இம்’. அதன் ஒலி ‘இம்’ அன்று. உதட்டை மூடிக்கொண்டு முனகினால் வருவதுதான் அதன் ஒலி. மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்ல நாக்குக்கு ஒரு பிடி வேண்டும் என்பதற்காக முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லிப் பழகிவிட்டோம். படிக்கும்போது அந்த இகரத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு அதை யாரும் சொல்வதில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதல் வகுப்பில் இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். நான் செய்வது இதுதான். மெய்யெழுத்தின் பெயரை ஒரு மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, நீட்டிச் சொல்லக்கூடிய மெய்களான ம், ல், ன், ண், ள் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். க், ட், ப் போன்றவை தொட்டவுடன் அறுந்துபோகும் ஒலிகள். அவற்றை நீட்ட முடியாததால் சேர்த்துச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு அவை உதவா. பிறகு இரண்டே எழுத்துள்ள சொற்கள்: கல், பல், கண், மண், முள். முதல் எழுத்தில் விரலை வைத்து, ஒலியை நிறுத்தாமலே அடுத்த எழுத்துக்கு விரலை இழுத்துச் செல்ல வேண்டும். ‘கல்ல்ல்’ என்று இழுத்தபடி போனால், நடுவில் மூச்சு விடுவதற்கு இடம் இல்லாததால் ‘இல்’ உள்ளே நுழையாது. மூச்சு விட்டால்தான் ‘இல்’ வரும். இதை நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அது கைவந்த பிறகு ‘கல்’ என்பதற்கு நடுவில் ஒரு துணைக்காலைச் செருகிக் ‘கால்’ ஆக்கிக் காட்டுங்கள்; ‘பல்’ என்பது ‘பால்’ ஆகட்டும். ஒரு கோடு சேர்ந்தால் சொல்லே வேறாகிவிடுகிறது என்பதைப் பார்க்கும்போது குழந்தையின் முகத்தில் வரும் வியப்பு, 247 எழுத்தையும் ஒப்பித்து முடிக்கும்போது வருவதில்லை.

கரும்பலகை:

மரியாதையுடன் மாறுபடுகிறேன். எழுத்து வரிசையைக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. க, கா, கி, கீ என்ற அட்டவணை வெறும் மனப்பாடம் அன்று. ஒரு மெய் பன்னிரண்டு உயிர்களோடும் எப்படிச் சேர்கிறது என்ற ஒழுங்கை அது குழந்தையின் காதில் பதிய வைக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து எழுத்தை எடுத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்த ஒழுங்கு எப்போது தெரியும்? நானும் எனக்கு முன்னால் இருந்தவர்களும் வரிசையில்தான் கற்றோம். படிக்கத் தெரியாமல் போய்விடவில்லை.

நெடில்:

கரும்பலகை ஐயா சொல்லும் ஒழுங்கு உண்மையானது. ஆனால் அந்த ஒழுங்கு யாருக்காக அமைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். தொல்காப்பியர் எழுத்துகளை அகரம் முதல் னகரம் ஈறாக முப்பது என்றார். மெய்களின் வரிசையில் க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம என்னும் பத்தையும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், ஒலி பிறக்கும் இடம் தொண்டைப் பக்கத்திலிருந்து படிப்படியாக உதட்டுக்கு வருவது தெரியும். இது மொழியை ஏற்கெனவே அறிந்தவர்கள் அதை ஆராய்வதற்காக அடுக்கிய அடுக்கு. இதைவிட அழகான அடுக்கு வேறு மொழிகளில் அதிகம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: குழந்தை சந்திக்கும் இரண்டாவது மெய் ‘ங்’. தங்கம், சிங்கம், பங்கு எனச் சொல்லுக்கு நடுவில் ‘ங்’ வரும். ஆனால் ஙி, ஙீ, ஙெ, ஙே, ஙொ என்ற எழுத்துகளை எந்தக் கதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்? ஒருபோதும் படிக்கப்போகாத ஏறத்தாழ ஒரு முழு வரிசையை, இன்னும் ‘மரம்’ என்று படிக்கத் தெரியாத ஒரு பிள்ளை மனப்பாடம் செய்கிறது. ஔகார வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே. மௌனம், பௌர்ணமி, கௌதாரி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞகரத்தில் ஞ, ஞா தவிர மற்றவை அரிது. சொல்லின் முதலில் வராத ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவற்றுக்கு எழுத்து அட்டையில் சொல் தேடும்போது அட்டை போடுபவர்கள் படும் பாடு தனிக்கதை.

ஆகவே 247 என்ற எண் இலக்கணத்தில் சரியானது. முதல் ஆண்டுப் பிள்ளைக்குத் தேவையான எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு.

இன்னொன்று. எழுத்தை அறிவது ஒரு திறன். எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்குவது வேறொரு திறன். முதலாவது நிரம்பினால் இரண்டாவது வழிந்து வரும் என்று எதிர்பார்ப்பதுதான் சிக்கல். 1986-இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை எளிய பெருக்கலாகச் சொன்னார்கள். படித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், சொன்னால் புரிந்துகொள்ளும் மொழித்திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியம். முற்றம் அவர்களின் மகளுக்கு மரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், எழுத்துகளையும் தெரியும். நடுவில் கூட்டுவது மட்டும் வரவில்லை. அதைத் தனியாகப் பழக்கினால் போதும்.

பாதி உறக்கம்:

இரவில் என் மகனுக்குக் கதை படித்துக் காட்டும் தந்தை நான். ஓர் ஐயம். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பது தவறா? “தெரியாவிட்டால் படத்தைப் பார்” என்று நானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நெடில்:

அப்படிச் சொல்லிக்கொடுப்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கொள்கையே இருந்தது. 1967-இல் கென்னத் குட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர், படிப்பது என்பது மொழியறிவைக் கொண்டு ஆடும் ஊக விளையாட்டு என்று எழுதினார். நன்றாகப் படிப்பவர்கள் எழுத்தை முழுவதும் பார்ப்பதில்லை, பொருளைக் கொண்டு ஊகித்துக்கொண்டே போகிறார்கள் என்பது அவர் கருத்து. பின்னர்க் கண்ணசைவுகளை அளந்து பார்த்த ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகக் காட்டின. தேர்ந்த வாசகரின் கண் பெரும்பாலான சொற்களின் மேல் நின்றே செல்கிறது. ஊகத்தை நம்பியிருப்பவர்கள் படிக்கத் தடுமாறுபவர்கள்தாம். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கையும், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாக, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதே கூடுதல் பயன் தருகிறது என்ற முடிவுக்கு வந்தது.

ஆகவே, படம் கதையை அனுபவிப்பதற்கு இருக்கட்டும். சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டாம். முதலில் சொல்லைப் படிக்கட்டும், பிறகு படத்தைத் திறந்து “சரிதானா பார்” என்று கேளுங்கள். கையால் படத்தை மூடிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த மிக மலிவான கற்பித்தல் கருவி.

ஒரு சிறு துணைக்குறிப்பு: ஊகித்துப் படிப்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரத்தையும் ஏகாரத்தையும் கொம்பைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. அந்தச் சுவடியை ஊகித்துப் படித்தவர்கள் செய்யுளை முன்பே செவிவழி அறிந்திருந்த புலவர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமை எதற்கு?

ஒற்று:

படிக்கத் திணறும் குழந்தைகளோடு வேலை செய்பவள் என்ற முறையில் சில சொல்ல வேண்டும்.

முதலாவது, ஆங்கிலத்துக்கான முறைகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் கவனம் தேவை. ஆங்கிலம் கற்கும் குழந்தை ஒரு சிறு சொல்லைக்கூடத் தனித்தனி ஒலியன்களாக, அதாவது மிகச் சிறிய ஒலித் துண்டுகளாக, உடைக்க வேண்டும். உடைத்த பிறகும் எழுத்துக்கூட்டல் ஏமாற்றும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, தொடக்கநிலை வாசிப்பு கைவர ஆங்கிலப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் காலம் ஆகிறது என்று காட்டியது. தமிழில் ‘ம’ என்பது ஓர் அசையாகவே கண்ணுக்கும் காதுக்கும் கிடைக்கிறது. அதை ‘ம்+அ’ என்று உடைத்துக் காட்டுவது ஐந்து வயதில் தேவையற்றது. நம் சிக்கல் வேறு இடத்தில்: அடையாளங்களின் எண்ணிக்கை அதிகம். கன்னட எழுத்துகளைப் பற்றிய ஆய்வுகளில், எழுத்துகள் முழுமையாகக் கைவருவதற்குத் தொடக்கப்பள்ளியின் முதல் சில ஆண்டுகளும் போதவில்லை என்பது தெரிந்தது. தமிழ் கன்னடத்தைவிடச் சுருக்கமானது. இங்கே கூட்டெழுத்துகள் இல்லை, புள்ளி வைத்தால் போதும். ஆயினும் ஓர் ஆண்டுக்குள் எல்லா எழுத்தும் வந்தாக வேண்டும் என்று அவசரப்படுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இரண்டாவது, நடைமுறைச் செய்தி. முதல் தொகுதியாக அ, ப, ம, ட, ர ஆகியவற்றோடு புள்ளியையும் துணைக்காலையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. அம்மா, அப்பா, மாமா, பாப்பா, படம், பட்டம், பாடம், மரம், மட்டம் என்று உடனே சொற்கள் கிடைக்கும் என்பதால் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒரு சிறுவன் ‘பாடம்’ என்பதைப் ‘பரடம்’ என்று படித்தான். மறுநாள் இன்னொருத்தியும் அவ்வாறே. ரகரத்தையும் துணைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல அச்சு எழுத்துருக்களில் ரகரத்தின் அடியில் உள்ள சிறு சாய்கோடு ஒன்றுதான் வேறுபாடு. அன்றிலிருந்து இரண்டையும் ஒரே தொகுதியில் வைப்பதில்லை. ரகரத்தை எடுத்துவிட்டுக் ககரத்தைச் சேர்த்துக்கொண்டேன்: காகம், பக்கம், கட்டம், பாகம். ரகரம் ஒரு மாதம் கழித்து வந்தால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. இதே காரணத்துக்காக ண-ன, ல-ள, எ-ஏ, ஒ-ஓ என்ற இணைகளையும் சேர்த்து அறிமுகப்படுத்துவதில்லை. ஒன்று உறுதிப்பட்ட பிறகுதான் மற்றது. சுவடி ஐயாவின் பட்டியலில் ல், ள், ன், ண் நான்கும் ஒன்றாக இருப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, கொம்புகள். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஆனால் ‘கெ’ என்பதில் முதலில் தென்படும் கொம்புக்குக் காதில் பின்னால்தான் வேலை. ‘கொ’ என்பதில் ஓர் ஒலியின் அடையாளம் இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் நிற்கிறது. கொம்பைத் தனி எழுத்தாக எண்ணி அங்கேயே நின்றுவிடும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கு நான் கொம்பையும் அடுத்த எழுத்தையும் சேர்த்து ஒரு வட்டத்துக்குள் போட்டுவிடுவேன். “வட்டத்துக்குள் இருப்பது எல்லாம் ஒரே எழுத்து” என்ற ஒரு வரிக்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

சுவடி:

ல்-ள், ன்-ண் பற்றி ஒற்று அம்மா சொன்னதை ஏற்கிறேன். என் பட்டியலில் லகரமும் னகரமும் முதலில் இருக்கட்டும். ளகரமும் ணகரமும் பொறுத்து வரட்டும். அப்படியானால் கண், மண், முள் ஆகியவற்றையும் தள்ளிவைத்து, நான், மான், மீன், வால் என்று தொடங்கலாம்.

கரும்பலகை:

ஙகர வரிசை பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அட்டவணையை அடியோடு தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். நாற்பது ஐம்பது எழுத்துகளைச் சொற்களின் வழியே கற்ற குழந்தையிடம் வெற்று அட்டவணையைக் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் அதனதன் கட்டத்தில் நிரப்பச் சொல்லிப் பாருங்கள். கா, பா, மா தெரியும். ‘வா’ இன்னும் படித்ததில்லை. ஆனால் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று குழந்தையே சொல்லும். இதை நான் வகுப்பில் செய்திருக்கிறேன். வரிசையை முதலில் வைத்ததுதான் என் தவறு என்றால், அதைப் பின்னால் வைக்க எனக்கு ஆட்சேபம் இல்லை.

நெடில்:

இந்த இழையில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் சிறந்த யோசனை இதுதான், ஐயா. ஓர் எச்சரிக்கை மட்டும்: உகர, ஊகார வரிசைகளில் அட்டவணை கைவிட்டுவிடும். மற்ற உயிர்களுக்கு ஒரே குறி எல்லா மெய்யோடும் சேர்கிறது. உகரத்துக்கு அப்படி ஒரே குறி இல்லை. 1978-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியதே தவிர இவற்றைத் தொடவில்லை. (வீட்டில் அதற்கு முந்தைய கதைப் புத்தகம் இருந்தால், குழந்தை சற்று வளர்ந்த பிறகு கொடுங்கள், தும்பிக்கை வைத்த ‘லை’யைப் பார்த்துத் திகைத்துப்போவார்கள்.)

உகரங்களை வடிவத்தைக் கொண்டு குடும்பமாகப் பிரித்தால் சுமை குறையும். பு, சு, யு, வு ஆகியவற்றுக்குக் கீழே நேராக இறங்கும் கோடு. து, நு, லு, று, னு, ணு ஆகியவற்றுக்குக் கீழே இறங்கி வலப்புறம் மேலேறும் கை. டு, மு, ரு, ழு, ளு ஆகியவை வளைந்து சுழிப்பவை. ‘கு’ தனி ஆள்.

பாதி உறக்கம்:

என் மகன் ‘பந்து விழுந்தது’ என்று எழுதியிருப்பதைப் “பந்து விழுந்துச்சு” என்று படிக்கிறான். திருத்தினால், “அதுதானே சொன்னேன்” என்கிறான். இது ஊகமா, படிப்பா?

சுவடி:

படிப்புதான். எழுத்தைச் சொல்லாக்கி, சொல்லைப் புரிந்துகொண்டு, புரிந்ததைத் தன் மொழியில் சொல்கிறான். அதைப் பிழை என்று சொன்னால், பொருள் புரிந்ததற்குத் தண்டனை கொடுத்தது போலாகும்.

ஒற்று:

அவசரப்பட்டு மகிழ்ச்சியடைய வேண்டாம் என்பேன். இரண்டு விதமான பிள்ளைகள் இதே ‘விழுந்துச்சு’வைச் சொல்வார்கள். ஒருவன் முழுவதையும் பார்த்து மொழிபெயர்த்தவன். மற்றவன் ‘விழுந்’ வரை பார்த்துவிட்டு மீதியைத் தன் வாயிலிருந்து எடுத்தவன். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே பக்கத்தில் ‘விழுந்தது’, ‘விழுந்தன’, ‘விழுந்தான்’ மூன்றையும் எழுதி, எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்று கேளுங்கள். ஒரு பந்து, நான்கு பந்து, ஒரு பையன். கடைசி எழுத்து வரை பார்த்தவன் சரியாகப் பொருத்துவான்.

ஆனால் கேள்வி முக்கியமானது. தமிழ்க் குழந்தை படிக்கத் தொடங்கும்போது எழுத்தை மட்டும் கற்பதில்லை. வீட்டில் யாரும் பேசாத ஒரு தமிழையும் சேர்த்துக் கற்கிறது. ‘வந்துவிட்டது’, ‘இருக்கின்றன’, ‘அவற்றை’ என்ற சொற்களைக் காதால் கேட்டே அறியாத பிள்ளை, எழுத்துக் கூட்டிச் சரியாக ஒலித்தாலும், தான் சரியாகப் படித்தோமா என்று சரிபார்த்துக்கொள்ள மனத்தில் அந்தச் சொல் இல்லை. கசடதபவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘படம்’ என்பதில் டகரம் மென்மையாகவும் ‘பட்டம்’ என்பதில் வன்மையாகவும் ஒலிக்கிறது. ‘தங்கம்’, ‘பக்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எழுத்து இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. குழந்தை வன்மையாக ஒலித்துப் பார்த்து, ‘ஓ, மகன்!’ என்று தனக்குத் தெரிந்த சொல்லோடு பொருத்திச் சரிசெய்துகொள்கிறது. தெரிந்த சொல்லாக இருந்தால்தான் அது நடக்கும்.

ஆகவே பாதி உறக்கம் அவர்கள் இரவில் படித்துக் காட்டுவதை, மகன் தானே படிக்கத் தொடங்கிய பிறகும் நிறுத்தக் கூடாது. எழுதியிருப்பதை எழுதியபடியே படித்துக் காட்டுங்கள். பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லிவிட்டால் கதை போய்ச் சேரும், எழுத்துத் தமிழ் போய்ச் சேராது.

பாதி உறக்கம்:

நான் இத்தனை நாளும் மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். புரிய வேண்டுமே என்ற எண்ணத்தில்.

சுவடி:

இரண்டையும் செய்யுங்கள். எழுதியபடி ஒருமுறை, புரியாத இடத்தில் மட்டும் பேச்சு வழக்கில் ஒருமுறை.

முற்றம்:

அனைவருக்கும் நன்றி. ஒன்றைக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். இவளுக்குக் கற்றல் குறைபாடு ஏதாவது இருக்குமோ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உறக்கம் வரவில்லை. சில எழுத்துகளைத் திருப்பியும் எழுதுகிறாள்.

ஒற்று:

நீங்கள் எழுதியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் கவலையைக் குறைக்கும் இரண்டு செய்திகள் உண்டு. ஏழு வயது வரை எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி எழுதுவது மிகவும் சாதாரணம். ஒரு பொருள் இடப்பக்கம் திரும்பியிருந்தாலும் வலப்பக்கம் திரும்பியிருந்தாலும் அதே பொருள்தான் என்று அறிந்துகொள்ளும்படி மூளை அமைந்திருக்கிறது. எழுத்துக்காக மட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. அதற்குக் காலம் பிடிக்கும். அடுத்து, கூட்டிப் படிக்க முறையாகச் சொல்லிக்கொடுக்காத நிலையில் கூட்டத் தெரியவில்லை என்பது குறைபாட்டுக்குச் சான்று ஆகாது.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. ‘மாமா’, ‘மான்’ இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்பதைக் காதால் அறிகிறாளா? நீளமான புதிய சொல்லைக் கேட்டுத் திரும்பச் சொல்ல முடிகிறதா? வீட்டில் நெருங்கிய உறவில் வேறு யாருக்கேனும் படிப்பதில் இத்தகைய இடர்ப்பாடு இருந்ததா? டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு பரம்பரையாக வரக்கூடியது; அறிவுக்கூர்மைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழைப் போல எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் உள்ள மொழிகளில், அது தவறாகப் படிப்பதைவிட மிக மெதுவாகப் படிப்பதாகவே பெரும்பாலும் வெளிப்படும். அதனால் பலர் கண்ணில் படாமல் போய்விடுவதும் உண்டு. கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நான்கைந்து மாதம் நாள்தோறும் பத்து, பதினைந்து நிமிடம் முறையாகப் பழக்கிய பிறகும் கூட்டிப் படிப்பது வரவில்லை என்றால், அப்போது உரியவரிடம் காட்டலாம். அதுவரை உறவினருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

முற்றம்:

ஒன்பது வாரம் கழித்து எழுதுகிறேன். கண்ணும் காதும் நன்றாக இருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் ‘மான்’, ‘மீன்’, ‘வால்’, ‘பால்’ ஆகியவற்றோடு மட்டும் நின்றோம். ஐந்தாவது நாள் வரை ‘இன்’ உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. ஆறாவது நாள், விரலை இழுத்துக்கொண்டே ‘மாஆஆன்’ என்று சொன்னவள் சட்டென்று நின்று, “மான்! காட்டுல இருக்குமே, அதுவா?” என்று கேட்டாள். அன்று வேறு எதையும் படிக்கவில்லை. அந்த ஒரு சொல்லையே வீடு முழுவதும் எழுதி ஒட்டினாள்.

பிறகு ஒற்று அம்மா சொன்ன முதல் தொகுதி. ‘அப்பா, படமா?’ ‘பாப்பா, பட்டம்!’ என்று நானே சிறு தாள்களில் எழுதி மடித்துக் கொடுத்தேன். கேள்விக்குறி எதற்கு என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரகரத்தை ஏழாம் வாரத்தில்தான் கொண்டுவந்தேன். ‘மரம்’ என்பதை எழுதிக் காட்டியபோது, அதே சொல்லில் அன்று தடுமாறியது அவளுக்கு நினைவே இல்லை. ஒரு மூச்சில் படித்துவிட்டு அடுத்த தாளைக் கேட்டாள்.

வழியில் எதிர்பாராத இடர்ப்பாடு ஒன்று வந்தது. அவள் பெயரில் ஒரு ‘ஷ’ இருக்கிறது. 247-இல் இல்லாத எழுத்து தன் பெயரில் மட்டும் எப்படி வந்தது என்று இரண்டு நாள் சண்டை. கிரந்த எழுத்து என்ற விளக்கமெல்லாம் எடுபடவில்லை. அது அவளுக்கே உரிய சிறப்பு எழுத்து என்று சொல்லித் தப்பித்தேன்.

இப்போது உகரத்தில் இருக்கிறோம். நெடில் அவர்கள் சொன்னபடி குடும்பமாகப் பிரித்ததில் பு, சு, வு எளிதாக வந்துவிட்டன. து, நு, லு ஆகியவையும் வருகின்றன. ‘ணு’ மட்டும் பிடிபடவில்லை. சுழிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறாள். அதற்குச் சொல் கிடைப்பதும் கடினமாக இருக்கிறது. ‘அணு’ என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது.

நெடில்:

எண்ணு, கணு, நுணுக்கம் என்று உண்டு. ஆறு வயதுக்கு ‘எண்ணு’ பொருந்தும். அதுதானே இப்போது சுழிகளை வைத்துச் செய்துகொண்டிருக்கிறாள்.

சுவடி:

‘கண்ணு’ என்று எழுதிக் காட்டுங்கள், அம்மா. இலக்கணம் பார்ப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும். நாள்தோறும் நீங்கள் அவளைக் கூப்பிடும் சொல்லாகத்தான் இருக்கும்.

முற்றம்:

அப்படித்தான் கூப்பிடுகிறேன். இன்று இரவு தாளில் எழுதித் தலையணைக்கு அடியில் வைக்கிறேன்.